கிழிந்த முதுகும் கிழியாத மதிப்பும்

பழம்பொருள் சேர்ப்போர் உலகில் விந்தையானதொரு நீதி நிலவுகிறது. ஒரு பொருள் எந்தப் பயனுக்காகப் பிறந்ததோ, அந்தப் பயனை நிறைவேற்றாமல் உறங்கிக் கிடந்திருந்தால் அதற்கு உயர்ந்த விலை. நிறைவேற்றித் தேய்ந்திருந்தால் தாழ்ந்த விலை. குழந்தை தொடாத பொம்மைக்கும், எவரும் பிரித்துப் படிக்காத நூலுக்கும் கிடைக்கும் மரியாதை, ஆடிக் களித்த பொம்மைக்கும் படித்துத் தேய்ந்த நூலுக்கும் கிடைப்பதில்லை. இந்த நீதி மிகக் கடுமையாகக் கோலோச்சும் இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்க நாட்டின் பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்ப்போர் கூட்டம். அங்கே, முகம் எத்துணை அழகாக இருப்பினும், பின்பக்கம் கிழிந்த அட்டை தீண்டத்தகாததாகக் கருதப்படுகிறது. அக்கருத்து தவறு என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

கடல்கடந்த நாட்டுச் சிறுவரின் விளையாட்டுப் பொருளுக்காக இம்மலரில் வழக்காடுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவலாம். அட்டை அயல்நாட்டுடையதுதான். ஆயினும், மனிதக் கை பட்ட பொருளைக் கறைபட்டதென்று ஒதுக்குவதா, வாழ்ந்ததென்று போற்றுவதா என்னும் வினா எந்நாட்டவர்க்கும் உரியது. அவ்வினாவுக்கு இந்தச் சிறிய அட்டையைப் போலத் தெளிவான சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

அட்டை பிறந்த வரலாறு

நம் நாட்டினர்க்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்க்கு பேஸ்பால் அப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, சிகரெட் விற்கும் நிறுவனங்கள் ஆட்டக்காரர்களின் உருவம் பதித்த சிறு அட்டைகளைச் சிகரெட் உறைகளில் வைத்து வழங்கலாயின. மெல்லிய தாளாலான உறைக்குள் சிகரெட்டுகள் நசுங்காமல் காப்பது ஒரு பயன். வாங்குவோரை மீண்டும் மீண்டும் அதே சின்னத்தை நாடச் செய்வது மற்றொரு பயன். இவற்றுள் புகழ் மிக்கது, அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட தொகுதி. சேகரிப்பாளர் இதனை 'டி206' என்னும் குறியெண்ணால் அழைப்பர். இதில் 524 அட்டைகள் உண்டென்று எண்ணுவது வழக்கம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை அங்குல அகலமும் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மிகுந்த உயரமும் கொண்டது. முன்பக்கத்தில் கல்லச்சு முறையில் பல வண்ணங்களில் அச்சிட்ட ஆட்டக்காரரின் உருவம். அடியில் அவர் பெயரும் அணியின் ஊரும். அந்நாளில் இதனினும் அழகிய அச்சுப் படம் ஓர் ஏழைச் சிறுவனுக்கு விலையின்றிக் கிடைப்பது எளிதன்று.

பின்பக்கத்தில் என்ன இருந்தது? இங்கேதான் நம் வழக்கின் முதற் சான்று கிடைக்கிறது. ஆட்டக்காரர் பிறந்த ஊரோ, அவர் ஆடிய ஆட்டங்களின் கணக்கோ அங்கு இல்லை. சிகரெட் விளம்பரம் ஒன்றே இருந்தது. பீட்மாண்ட், ஸ்வீட் கேபொரல், ஓல்டு மில், சாவரின், டால்ஸ்டாய், போலார் பேர் முதலாகப் பதினாறு புகையிலைச் சின்னங்கள் இத்தொகுதியின் பின்பக்கங்களில் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'ஹிந்து' என்பது நம்மவர்க்கு வியப்பளிக்கும். கீழ்த்திசை நாடுகளின் பெயர்களைப் புகையிலைக்குச் சூட்டிக் கவர்ச்சி தேடுவது அந்நாளைய அமெரிக்க வாணிபத்தின் வழக்கங்களுள் ஒன்று. சின்னத்தின் பெயரோடு, எந்த மாவட்டத்து எந்தத் தொழிற்சாலையில் உருவானது என்ற எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும்.

சிகரெட் குடித்தவர் பெரியவர். அட்டையை விரும்பியவர் சிறுவர். கடை வாசலில் நின்று, வெளிவரும் ஆடவரிடம் அட்டையைக் கேட்டுப் பெற்ற சிறுவர் கூட்டம் அக்காலத்து நகர்ப்புறக் காட்சிகளுள் ஒன்று. அச்சிறுவனுக்கு வேண்டியது டை காபின் முகம், கிறிஸ்டி மேத்யூசனின் முகம், ஹோனஸ் வாக்னரின் முகம். பின்பக்கத்து விளம்பரம் அவனுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்க இயலாது.

கிழிசல் பிறந்த வரலாறு

கிடைத்த அட்டைகளை அவன் என்ன செய்தான்? சிலவற்றைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தான். சிலவற்றைத் தோழர்களோடு மாற்றிக்கொண்டான். சுவரை நோக்கி வீசி வெற்றி தோல்வி கண்டான். எஞ்சியவற்றை, தன்னிடம் இருந்தவற்றுள் சிறந்தவற்றை, வீட்டில் கிண்டிய மாவுப் பசையையோ கடையில் வாங்கிய கோந்தையோ தடவி, ஒட்டுப் புத்தகத்தில் வரிசையாக ஒட்டினான். பழைய கணக்கேடு, கறுப்புத் தாள் ஆல்பம், பயன்படாத பள்ளிக் குறிப்பேடு எதுவாயினும் அவனுக்கு அது கருவூலம்.

பல்லாண்டுகள் கழிந்தன. ஒட்டிய சிறுவன் கிழவனாகி மறைந்தான். பேரப் பிள்ளைகளோ, வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கிய வணிகரோ அப்புத்தகத்தைக் கண்டெடுத்து, அட்டைகளைப் பிய்த்தெடுத்தனர். பசை பிடித்த இடத்தில் பின்பக்கத்து மெல்லிய தாள்படலம் ஏட்டோடு போயிற்று; அன்றேல், ஏட்டின் கறுப்புத் தாள் அட்டையோடு வந்தது. சேகரிப்பாளர் 'தாளிழப்பு' என்றும் 'பின்பக்கச் சேதம்' என்றும் முகஞ்சுளித்துக் கூறுவது இதனைத்தான்.

இப்பொழுது சிந்திக்க வேண்டும். ஒட்டியது சேதமா, பிய்த்தது சேதமா? அந்தச் சிறுவன் தான் மிகவும் நேசித்தவற்றையே ஒட்டினான். ஒட்டப்படாமல் திரிந்த அட்டைகளுள் பெரும்பாலானவை என்னவாயின? மழையில் ஊறின, குப்பையில் சேர்ந்தன, பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டு நீங்கியதும் தாய்மாரால் எறியப்பட்டன, இரண்டாம் உலகப் போரின்போது நாடெங்கும் நடந்த பழந்தாள் திரட்டலில் கூழாயின. புத்தகத்துக்குள் ஒட்டப்பட்டவையோ, ஏடுகளின் அணைப்பில் ஒளியும் ஈரமும் புகாது, நிறம் மங்காது நிலைத்தன. முதுகில் தழும்பு கொண்ட அட்டைகள் பலவற்றின் முகங்கள் இன்றும் புத்தொளி மாறாதிருப்பது இதனால்தான். எந்தப் பசையைப் பகையென்று தூற்றுகிறோமோ, அந்தப் பசையே பல அட்டைகளை நூறாண்டு தாண்டி நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. உயிர் காத்த மருத்துவன் விட்ட வடுவை நோயாளியின் குற்றமாக எண்ணுவார் உண்டோ?

எண்களின் ஆட்சி

முன்னாளில் சேகரிப்பாளர் ஓர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பர், ஒளியில் சாய்த்துப் பார்ப்பர், திருப்பிப் பார்ப்பர். 1991ஆம் ஆண்டில் பி.எஸ்.ஏ. என்னும் தரமதிப்பீட்டு நிறுவனம் தோன்றிய பின், அதனையொத்த பிறவும் செழித்து, இவ்வழக்கம் மாறிற்று. கட்டணம் பெற்றுக்கொண்டு அட்டையை ஆராய்ந்து, 1 முதல் 10 வரை ஓர் எண்ணை வழங்கி, கெட்டியான பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிட்டு அனுப்புவது இந்நிறுவனங்களின் தொழில். அட்டை உண்மையானதா போலியா என்று வாங்குவோர்க்கு உறுதி கூறும் அளவில் இத்தொழில் நன்மையே. அதனை மறுப்பதற்கில்லை.

ஆனால் நன்மை அத்துடன் நின்றதா? எண் முதலில் அட்டைக்கு அடைமொழியாக வந்தது. பின்னர் அட்டையே எண்ணுக்கு அடைமொழியாயிற்று. "என்னிடம் மேத்யூசன் இருக்கிறது" என்ற பேச்சு மறைந்து, "என்னிடம் எட்டு இருக்கிறது" என்ற பேச்சு வந்தது. முன்பக்கம் கண்ணைப் பறிக்கும் அழகோடு விளங்கினும், பின்பக்கத்தில் குறிப்பிடத்தக்க அளவு தாள் போயிருந்தால் அதற்குக் கிடைப்பது 1 அல்லது 2 என்னும் கடைநிலை எண்ணே. மடிந்து, நைந்து, முகமே தெரியாது போன அட்டைக்கும் அதே எண். இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணுள்ள எவரும் வேற்றுமை காண்பர், எண் காண்பதில்லை. காணாத எண்ணை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதைத்தான் இன்றைய சந்தை அறிவுடைமை என்கிறது.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. பேழைக்குள் அடைபட்ட அட்டையை உரிமையாளர் தாமும் தொட இயலாது. சிறுவன் கையில் தவழப் பிறந்த பொருள், எவர் கையும் படாத காப்பிடத்தில் ஆயுட்கைதியாகிறது. பலர் அதனைத் திருப்பியும் பார்ப்பதில்லை. முன்பக்கச் சீட்டில் உள்ள எண்ணைப் பார்க்கின்றனர். பார்க்கப்படாத பின்பக்கத்துக்காகத்தான் அட்டைக்கு இத்துணைத் தண்டனை.

குற்றமற்ற அட்டையின் குற்றம்

மாசின்மையை வழிபடுவதால் விளையும் கேட்டுக்கு நிகழ்ந்த வரலாறே சான்று கூறும். டி206 தொகுதியில் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரியது. தம் உருவம் புகையிலையோடு வழங்கப்படுவதை அவர் விரும்பவில்லை என்று சிலரும், தமக்கு உரிய பணம் தரப்படாமையால் மறுத்தார் என்று சிலரும் கூறுவர். காரணம் எதுவாயினும், வெளியீடு விரைவில் நின்றது. இன்று அறியப்பட்டவை சில பத்து அட்டைகளே.

அவற்றுள் ஒன்று ஏனையவற்றைவிட ஒளிமிக்கது. கூரிய முனைகள், நேரிய ஓரங்கள். 1991இல் சாத்பீஸ் ஏலத்தில் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்நாலும் கூட்டாக 4,51,000 டாலருக்கு அதனை வாங்கினர். பி.எஸ்.ஏ. நிறுவனம் தரமதிப்பிட்ட முதல் அட்டையே அதுதான். எட்டு என்னும் எண் அதற்கு வழங்கப்பட்டது. கைமாறக் கைமாற விலை ஏறி, 2007இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரங்கள் வெட்டப்பட்டவை என்ற ஐயம் நெடுநாள் உலவிற்று. அதனை முன்னாளில் விற்ற பில் மாஸ்ட்ரோ என்னும் ஏல வணிகர், 2013இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஓரங்களை வெட்டியவர் தாமே என்று ஒப்புக்கொண்டார். ஏலங்களில் புரிந்த மோசடிகளுக்காக 2015இல் அவருக்கு இருபது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மாசற்றதென்று உலகம் கொண்டாடிய அட்டை, கத்தியால் மாசறுக்கப்பட்ட அட்டை! தரமதிப்பீட்டின் முதற் பிள்ளையே பொய்யின் பிள்ளை. பழுத்த முதுமைக்குரிய அட்டை இளமை வேடம் பூண்டு வந்தது. வேடத்துக்குப் பரிசும் கிடைத்தது. ஒரு சிறுவன் பசை தடவியதைக் குற்றம் என்போர், ஒரு வணிகர் கத்தி வைத்ததை எட்டு என்றனர். பசை தடவியவன் எவரையும் ஏமாற்றவில்லை. அவன் விட்டுச்சென்ற கிழிசல் தன்னை மறைத்துக்கொள்ளவும் இல்லை. எவரும் ஒரு கணத்தில் திருப்பிப் பார்த்து அறியலாம். உண்மை பேசும் அட்டைக்கு ஒன்று. பொய் பேசிய அட்டைக்கு எட்டு. இதனைத் தர அளவை என்பதா, தலைகீழ் அளவை என்பதா?

இதற்கு மாறான செய்தியும் உண்டு. 2010இல் பால்டிமோர் நகரைச் சார்ந்த கத்தோலிக்கத் துறவியர் சபை ஒன்றுக்கு ஒரு வாக்னர் அட்டை மரபுரிமையாக வந்தது. கன்னியர் ஒருவரின் உடன்பிறந்தார் 1936 முதல் காத்து வைத்து, தம் மறைவுக்குப் பின் சபைக்கு விட்டுச்சென்றது அது. மூன்று பக்கங்களில் ஓரம் வெட்டுண்டது, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டது, மடிப்பு விழுந்தது. சேதம் எதனையும் மறைக்காமல் ஏலத்தில் வைத்தனர். 2,62,000 டாலருக்கு விலை போயிற்று. அறப்பணிகளுக்கு அத்தொகை பயன்பட்டது. வெட்டப்பட்டவை இரண்டு அட்டைகளுமே. ஒன்று வெட்டை மறைத்து வாழ்ந்தது. மற்றொன்று வெட்டைக் காட்டி வாழ்ந்தது. எதனை நாம் போற்ற வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

சேகரிப்புக் கலையின் தந்தை செய்தது

பழுது கண்டு பதறுவோர், தம் கலையின் தந்தையை மறந்தனர். 'டி206' என்ற குறியெண்ணைத் தந்தவர் ஜெபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையில் பணியாற்றிய எளிய மனிதர். மூட்டுவாத நோய் அவர் கைகளை முடக்கி வந்தது. அந்தக் கைகளைக் கொண்டே அமெரிக்க அட்டைகள் அனைத்துக்கும் வகைபிரித்துப் பட்டியல் வகுத்தார். புகையிலை அட்டைக்கு ஓர் எழுத்து, மிட்டாய் அட்டைக்கு ஓர் எழுத்து என்று அவர் வகுத்த முறையே இன்றும் வழங்குகிறது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப் பொருள்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்குக் கொடையாக அளித்தார். அவற்றுள் பேஸ்பால் அட்டைகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல்.

கொடுத்ததோடு அமையாமல், கலைக்கூடத்திலேயே ஆண்டுக்கணக்காக அமர்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒழுங்குபடுத்தினார். எவ்வாறு? பசையிட்டு ஒட்டி! 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். இரண்டே மாதங்களில் மறைந்தார். இன்றைய எண்ணாட்சியின் சட்டப்படி, உலகின் தலைசிறந்த அட்டைத் தொகுப்பு 'சேதமடைந்த' தொகுப்பு. அவ்வாறு கூற எவர்க்கேனும் நா எழுமா? பர்டிக் தம் அட்டைகளை விற்க எண்ணியவர் அல்லர். பிறர் காண வைக்க எண்ணியவர். காண வைப்பவனுக்குப் பசை கருவி. விற்பவனுக்குப் பசை பகை. கிழிசலைப் பற்றிய வெறுப்பு கலையுணர்வில் பிறந்ததன்று, வாணிபத்தில் பிறந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பயன்படவே பிறந்தவை

புகையிலை அட்டைகளோடு இந்த முரண்பாடு முடியவில்லை. 1914, 1915ஆம் ஆண்டுகளில் கிராக்கர் ஜாக் என்னும் பொரித்த சோளத் தின்பண்டப் பெட்டிகளில் அட்டைகள் வந்தன. வெல்லப்பாகு தோய்ந்த பண்டத்தோடு கிடந்த அட்டையில் பாகுக்கறை படியாதிருக்குமா? போலார் பேர் சின்னத்து அட்டைகள் உதிரிப் புகையிலைப் பைக்குள் வந்தவை. அவற்றில் புகையிலைக் கறை படிந்தது இயல்பு. பிற்காலத்தில் டாப்ஸ் நிறுவனம் சூயிங்கம்மோடு அட்டைகளை வைத்து விற்றது. பசைமிட்டாயைத் தொட்ட அட்டையின் முதுகில் அதன் கறை. இவையெல்லாம் பிறவிக் குறிகள். பிறவிக் குறியைக் கண்டு பிள்ளையை ஒதுக்குவோர் உண்டா? உண்டு: சந்தையார்.

1964இல் டாப்ஸ் வெளியிட்ட அட்டைகளின் பின்பக்கத்தில் ஒரு வினாவும் ஒரு வெற்றுக் கட்டமும் இருந்தன. நாணயத்தின் விளிம்பால் கட்டத்தைத் தேய்த்தால் விடை வெளிப்படும் என்று அட்டையே சிறுவனை அழைத்தது. அவன் தேய்த்தான், விடையைக் கண்டு மகிழ்ந்தான். இன்று, தேய்க்காத அட்டையே விரும்பப்படுகிறது. அவ்வாறே, தொகுதியில் உள்ள அட்டைகளின் பெயர்ப்பட்டியலை அச்சிட்டு, கிடைத்ததைக் குறித்துக்கொள்ளப் பக்கத்தில் சிறு கட்டங்களும் இட்டு, பட்டியல் அட்டைகளை வெளியிட்டனர். எழுதுகோலால் குறியிடப்பட்ட பட்டியல் அட்டை இன்று தாழ்ந்தது, குறியிடாதது உயர்ந்தது. கேட்ட வினாவுக்கு விடை தேடியவன் குற்றவாளி. வினாவைப் பொருட்படுத்தாதவன் சான்றோன்!

இந்த மனநிலை முற்றிய காலத்தில் நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1980களின் பிற்பகுதியில், அட்டை ஒரு முதலீடு என்ற செய்தி பரவிற்று. நிறுவனங்கள் அளவின்றி அச்சிட்டன. பெற்றோரும் பிள்ளைகளும் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலும் தொடாமலும் காத்தனர். கறை படிகிறதென்ற முறையீட்டுக்குச் செவிசாய்த்து, 1990களின் தொடக்கத்தில் டாப்ஸ் உறையிலிருந்து சூயிங்கம்மும் நீங்கிற்று. விளைவு யாது? அனைத்தும் மாசற்றவை, அனைத்தும் எங்கும் கிடைப்பவை, ஆகவே பெரும்பாலானவை விலையற்றவை. இன்று அவற்றை வாங்க ஆளில்லை.

இங்கேதான் சேகரிப்பாளர் அறியாத, அறிந்தாலும் கூறாத உண்மை ஒளிந்திருக்கிறது. பழைய அட்டை அரிதானதற்குக் காரணம், பிற அட்டைகள் பயன்பட்டு அழிந்தமையே. மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. விற்பனையாகாத அவ்வாண்டு அட்டைகளை 1960இல் டாப்ஸ் நிறுவனம் கடலில் கொண்டு கொட்டியதும், வாங்கப்பட்டவற்றைச் சிறுவர்கள் மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளில் செருகிப் படபடவென ஒலிக்கச் செய்து தேய்த்ததும் அந்த விலைக்குள் அடங்கியுள்ளன. மாசற்ற அட்டையின் விலையை உயர்த்தியவர் அதனைக் காத்தவர் மட்டும் அல்லர். ஏனையவற்றைக் கிழித்த சிறுவரும் ஆவர். கிழித்த கைகளால் வாழ்வு பெற்றோர், கிழிந்த அட்டையை இகழ்வது நன்றி மறத்தல்.

எதிர்வாதமும் விடையும்

எதிர்த்தரப்பின் வாதங்களுள் வலிமையுடையது ஒன்று உண்டு. அதனை நேர்மையோடு எடுத்துக்கொள்வோம். பின்பக்கமும் வரலாற்றுச் சான்றே. அது கிழிந்தால் அச்சான்று அழிகிறது என்பர். உண்மை. டி206 அட்டையின் முகத்தை மட்டும் கண்டு, அது பீட்மாண்ட் உறையில் வந்ததா ஹிந்து உறையில் வந்ததா என்று கூற இயலாது. டை காபின் செந்நிறப் பின்னணிப் படம் பல சின்னங்களோடு கிடைக்கிறது. பின்பக்கத்தில் அவர் பெயரையே தாங்கிய புகையிலைச் சின்னம் இருப்பின் அது மிக மிக அரியது. 2016இல் ஒரு குடும்பத்தின் பழைய வீட்டில், எறியப்பட இருந்த கசங்கிய காகிதப் பை ஒன்றில் அவ்வகை அட்டைகள் ஏழு அகப்பட்டன. பின்பக்கம் முற்றும் கிழிந்திருந்தால் அவற்றை எவரும் அறிந்திருக்க மாட்டார். 1911இன் பொன்விளிம்பு அட்டைகளிலும், 1933இல் கௌடி நிறுவனம் வெளியிட்ட 240 எண் கொண்ட தொகுதியிலும் ஆட்டக்காரரின் வரலாறே பின்பக்கத்தில் இருந்தது. அங்கே இழப்பு பெரிது.

இதனை ஏற்கிறோம். ஆனால் இவ்வாதம் எதனை நிலைநாட்டுகிறது? எவ்வளவு போயிற்று, எது போயிற்று என்று பார்த்து மதிப்பிட வேண்டும் என்பதை நிலைநாட்டுகிறது. சின்னமும் எழுத்தும் தெளிவாகத் தெரிய, ஒரு மூலையில் மட்டும் தாள் போன அட்டையில் வரலாறு ஒன்றும் அழியவில்லை. அதனையும் கடைநிலைக்குத் தள்ளுவோர், வரலாற்றின் பெயரால் பேச உரிமையற்றவர். மேலும், ஒட்டுப் புத்தகத்துத் தாளின் எச்சம் அட்டையின் முதுகில் இருக்குமாயின் அதுவும் ஒரு சான்று. அச்சிட்டவன் எழுதியது ஒரு வரலாறு. வைத்திருந்தவன் எழுதியது மற்றொரு வரலாறு. முன்னதை மட்டும் வரலாறு என்பது, விளம்பரக்காரனை ஆசிரியனாகவும் வாசகனைக் குற்றவாளியாகவும் கொள்ளும் சிறுமை.

தபால்தலை சேர்ப்போரைப் பார்க்கட்டும். அவர்களிடமும் பின்பக்கப் பசையைப் போற்றும் பித்து உண்டு. எனினும், முத்திரை குத்தப்பட்டு ஊர் கடந்து வந்த தலையை அவர்கள் வெறுப்பதில்லை. எந்த ஊர், எந்த நாள், எந்த வழி என்று முத்திரையையே ஆராய்வார் அவர்களுள் ஒரு பிரிவினர். பயன்பாட்டின் தடத்தைப் பயனுள்ள சான்றாகக் கண்ட அறிவு அது. அட்டை சேர்ப்போர்க்கு அவ்வறிவு கூடாதென்று விதி எதுவும் இல்லை.

மற்றொரு வாதம், "நல்லதை விரும்புவது தவறா?" என்பது. தவறன்று. வசதியுள்ளவர் மாசற்றதை நாடுக. நாம் மறுப்பது, அதனை மட்டுமே சேகரிப்பு என்று கூறும் செருக்கை. அளவான வருவாயுடைய ஆசிரியரோ எழுத்தரோ, நூறாண்டு பழமையான மேத்யூசனின் முகத்தைத் தம் மேசைமீது வைத்துக் காண விரும்பினால், அதற்கு வழி திறப்பது கிழிந்த முதுகுதான். பழுதற்ற அட்டையின் விலையில் சிறு கூறு அதற்குப் போதும். முகத்தில் குறைவில்லை, கல்லச்சின் வண்ணத்தில் குறைவில்லை. செல்வர் திருப்பிப் பார்த்துத் தள்ளியது, சுவைஞர் திருப்பாமலே பார்த்து மகிழ்வதற்கு வாய்த்தது.

செய்யத்தக்கன

வழக்கை முடிக்குமுன் நம் தரப்பினர்க்கும் சில கூற வேண்டும். கிழிசலை இகழ்வது ஒரு தவறாயின், கிழிசலை மறைப்பது அதனினும் பெருந்தவறு. பின்பக்கத்தில் புதுத்தாள் ஒட்டி, நிறந்தீட்டி, பழுது பார்த்து, சொல்லாமல் விற்பது மாஸ்ட்ரோவின் கத்திக்கு உடன்பிறப்பு. கிழிந்த அட்டையின் பெருமை அதன் நேர்மையில் இருக்கிறது. நேர்மை போனால் கிழிசல் மட்டுமே மிஞ்சும். ஆகவே விற்போர் பின்பக்கத்தின் படத்தை முன்பக்கத்தோடு சேர்த்தே காட்டுக; வாங்குவோர் அதனைக் கேட்டுப் பெறுக.

இரண்டாவது, மதிப்பிடுவோர் முகத்துக்கும் முதுகுக்கும் தனித்தனி மதிப்பு வழங்குக. ஒரே எண்ணுக்குள் இரண்டையும் திணிப்பதால்தான் அழகிய முகம் கடைநிலையில் கிடக்கிறது. ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய செய்தியை எண்ணால் மறைப்பானேன்?

மூன்றாவதே மிக இன்றியமையாதது, காலந்தாழ்த்த இயலாதது. இன்றும் எங்கோ ஒரு பரணிலிருந்து, நூறாண்டுக்கு முன் ஒரு சிறுவன் ஒட்டிய முழுப் புத்தகம் வெளிவருகிறது. வந்த உடனே அதனைப் பிரித்து, ஏடுகளை நீரில் ஊறவைத்து, அட்டைகளைக் கழற்றி, உலர்த்தி, ஒவ்வொன்றாக விற்கின்றனர். ஏடுகள் குப்பைக்குப் போகின்றன. எந்த ஆட்டக்காரரை அவன் முதலில் வைத்தான், எந்த அணியை அருகருகே அமைத்தான், ஓரத்தில் எந்தப் பெயரை எழுதினான், எந்த நாளிதழ்த் துணுக்கை இடையே ஒட்டினான் என்ற அனைத்தும் அந்த நீரில் கரைகின்றன. கழற்றிய அட்டைகளைப் போன்றவை உலகில் இன்னும் பல உண்டு. அந்தப் புத்தகம் போன்றது வேறொன்று இல்லை. பொதுவானவற்றை மீட்கத் தனித்ததை அழிக்கும் இச்செயலை, முதுகு கிழிந்த அட்டையைக் கண்டு கண்ணீர் விடுவோரே செய்கின்றனர். ஒட்டுப் புத்தகம் முழுமையாகக் கிடைத்தால் முழுமையாகவே காக்கப்பட வேண்டும். விற்பதாயினும் முழுமையாகவே விற்கப்பட வேண்டும். அருங்காட்சியகங்கள் அவற்றைத் தேடிப் பெற வேண்டும்.

பிரிக்கப்பட்டுவிட்ட அட்டைகளுக்கு இனி ஏடு இல்லை. அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தாளின் துணுக்குதான் அந்தச் சிறுவனைப் பற்றி எஞ்சிய ஒரே சாட்சி. அதனைச் சுரண்டி எறியாதீர். அதற்காக அட்டையை இகழாதீர். புகையிலை விளம்பரம் போயிற்றே என்று புலம்புவதை விடுத்து, அந்த விளம்பரத்தைப் பொருட்படுத்தாமல் தான் போற்றிய வீரனின் முகத்தை மேலே வைத்து ஒட்டிய பிள்ளையின் பக்கம் நில்லுங்கள். அட்டை உருவானது அவனுக்காக. அதனை அறிந்து வாங்குவோரே உண்மைச் சேகரிப்பாளர்.